மறைந்துபோன ஓர் ஆங்கில வினைச்சொல்: ‘விட்’

இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, “ஆராய்ச்சியாவும் இருக்கணும், வீட்டுல எல்லாரும் படிக்கிற மாதிரியும் இருக்கணும்” என்று ஒரு நிபந்தனையும் போட்டார். சங்க இலக்கியம் பற்றி எழுத நம்மிடையே தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கல்கத்தா ஹைகோர்ட் பக்கத்தில் ஒரு சாலிசிட்டர் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது தட்டச்சு செய்த காகிதங்கள்தான். அந்தக் காகிதங்களில் கிடந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

பழைய பாணி ஆங்கிலப் பத்திரங்களில் சொத்து விவரம் சொல்லுமுன் ‘டு விட்’ என்று இரண்டு சொற்கள் வரும். தமிழ்ப் பத்திரத்தில் ‘யாதெனில்’ என்று போடுவோமே, அந்த இடம். பொருள் ‘அதாவது’. இது எல்லா குமாஸ்தாவுக்கும் தெரியும். ஆனால் ‘விட்’ என்றால் நகைச்சுவை, சாதுர்யமான பேச்சு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கிரயப் பத்திரத்தில் நகைச்சுவைக்கு என்ன வேலை? வேலையில் இருந்த காலத்தில் இதை யோசிக்க நேரமில்லை. ஓய்வுக்குப் பிறகு அகராதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த ‘விட்’ ஒரு வினைச்சொல் என்று புரிந்தது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் நாள் முழுக்கப் பேசிய சொல் அது. பொருள்: அறிதல்.

ஆல்பிரட் மன்னர் ஆண்ட 9ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘விட்டன்’. ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு ‘வாட்’ என்பார்கள். பிற்காலத்தில் இது ‘வொட்’ ஆயிற்று. ‘தெரிந்திருந்தது’ என்று இறந்த காலத்தில் சொல்ல ‘விஸ்ட்’. அறிந்தவனுக்கு ‘விட்டா’ என்று பெயர். அறிந்தவர்கள் கூடி அரசனுக்கு ஆலோசனை சொன்ன சபை ‘விட்டனகெமோட்’. 1066 ஜனவரியில் ஹெரால்டை அரசனாகத் தேர்ந்தது இந்தச் சபைதான். அதே வருஷம் நார்மானியர்கள் வந்து அவரைக் கொன்று நாட்டைப் பிடித்தார்கள். (ஹாரி பாட்டர் படிக்கும் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தக் கதையில் வரும் மந்திரவாதிகளின் நீதிமன்றத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். இந்தச் சபையின் பெயரை வைத்துப் பண்ணிய விளையாட்டு அது.)

இந்த வினைச்சொல்லில் ஒரு விசித்திரம் உண்டு. ஆங்கிலத்தில் ‘அவன் வருகிறான்’ என்று சொல்ல வினையின் கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டதற்காக நம்மில் பலர் பள்ளியில் பிரம்படி வாங்கியிருக்கிறோம். ஆனால் ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ போன்ற சொற்களுக்கு அந்த ‘ஸ்’ கிடையாது. ஏன் கிடையாது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. காரணம் இதுதான்: இவை வடிவத்தில் இறந்தகாலச் சொற்கள், பொருளில் மட்டும் நிகழ்காலமாக மாறியவை. ‘வொட்’ என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் பழைய பொருள் ‘நான் பார்த்திருக்கிறேன்’. பார்த்திருக்கிறேன், ஆகவே தெரியும். நாளாவட்டத்தில் ‘பார்த்தேன்’ உதிர்ந்து ‘தெரியும்’ மட்டும் நின்றது.

இதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கலாம். அத்தாட்சி கிடைக்க வழி பிறந்தது நம் கல்கத்தாவில்தான். 1783இல் இங்கே சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக வந்த சர் வில்லியம் ஜோன்ஸ், அடுத்த வருஷம் ஏஷியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கினார். 1786 பிப்ரவரி 2ஆம் தேதி அங்கே பேசும்போது, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்தின் உறவான பழைய காதிக் மொழியும் அதே மூலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றார். இதற்கு அவர் முக்கியமாகக் காட்டியது பெயர்ச்சொற்களை அல்ல, வினைகளின் வேர்களையும் இலக்கண வடிவங்களையும். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். பெயர்ச்சொல்லை யாரும் யாரிடமும் கடன் வாங்கலாம். நாம் ‘பஸ்’, ‘பேங்க்’ எல்லாம் வாங்கவில்லையா? ஆனால் ஒரு வினை எப்படி வளைகிறது, ஒருமையில் எப்படி, பன்மையில் எப்படி என்பதையெல்லாம் அத்தனை சுலபமாகக் கடன் வாங்க முடியாது. ஜோன்ஸ் 1794இல் இந்த ஊரிலேயே காலமானார். சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உயரமான கூம்புத் தூண் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

ஜோன்ஸ் சொன்னதற்கு ஒழுங்கான விதி 1822இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாக்கோப் கிரிம் எழுதியதில் கிடைத்தது. குழந்தைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் இவர். சமஸ்கிருதத்தில் ‘தசம்’ என்றால் ஆங்கிலத்தில் ‘டென்’. ‘தந்தம்’ என்றால் ‘டூத்’. ‘த்வி’ என்றால் ‘டூ’. அங்கே தகரம் ஒலிக்கும் இடத்தில் இங்கே டகரம். அப்படியானால் ‘அறிதல்’ என்னும் ‘வித்’ ஆங்கிலத்தில் என்ன ஆக வேண்டும்? ‘விட்’ ஆக வேண்டும். ஆகியிருக்கிறது. வித்யா, வித்வான், வேதம் எல்லாம் அந்த ‘வித்’ போட்ட குட்டிகள். நம் பிள்ளைகள் படிக்கும் கேந்திரிய வித்யாலயாவின் பெயர்ப்பலகையிலும், சாலிசிட்டர் ஆபீஸ் பத்திரத்திலும் ஒரே வேர்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது.

வேர் மட்டுமல்ல, வளைவும் ஒன்றே. சமஸ்கிருதத்தில் ‘நான் அறிவேன்’ என்பது ‘வேத’, ‘நாங்கள் அறிவோம்’ என்பது ‘வித்ம’. ஒருமையில் ‘வே’, பன்மையில் ‘வி’. பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்கு ‘வாட்’, பன்மைக்கு ‘விட்டன்’. மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கும் பையனைக் கேட்டால் ஒருமைக்கு ‘வைஸ்’, பன்மைக்கு ‘விஸ்ஸன்’ என்பான். மூன்று இடத்திலும் ஒருமையில் உயிரெழுத்து ஒரு மாதிரி, பன்மையில் குறுகிய இகரம். இந்த ‘வேத’ என்பது நிகழ்காலப் பொருள் தந்தாலும் அதன் விகுதி இறந்தகாலத்துக்குரியது. பாணினி இதைக் கவனித்து, இந்த ஒரு தாதுவுக்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். அங்கே கண்ட விசித்திரமும், ‘கேன்’ என்பதற்கு ‘ஸ்’ இல்லாத விசித்திரமும் ஒரே குடும்பத்துச் சொத்து.

‘பார்த்தல்’ என்ற பழைய பொருள் லத்தீனில் அப்படியே நின்றது. ‘வீடியோ’ என்றால் லத்தீனில் ‘நான் பார்க்கிறேன்’. விசா, எவிடென்ஸ், சூப்பர்வைசர் எல்லாம் அதன் வழி. நம் ஆபீஸ் குறிப்புகளில் கடித எண்ணுக்கு முன்னால் ‘வைடு’ என்று எழுதுவோம், அதற்குப் ‘பார்க்க’ என்று பொருள். ‘விஸ்’ என்று மூன்றெழுத்தில் சுருக்கி எழுதுவோமே, அதன் விரிவு ‘விடெலிசெட்’, அதாவது ‘பார்க்கலாம்’. ஆக, ஒரே பத்திரத்தில் ‘வைடு’, ‘விஸ்’, ‘டு விட்’, ‘விட்னஸ்’ நான்கையும் அடித்த ஸ்டெனோ ஒரே சொல்லை நான்கு தடவை அடித்திருக்கிறான்! கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து ‘ஹிஸ்டோர்’ வந்தது. பார்த்து அறிந்தவன், விவகாரத்தைத் தீர்த்து வைப்பவன் என்று பொருள். ‘ஹிஸ்டரி’ என்ற சொல்லுக்கு அவன்தான் தாத்தா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் கூட்டங்களில் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேர் காட்டினால் கைதட்டல் நிச்சயம். ‘விட்’ என்பது நம் ‘வித்து’ என்று யாராவது சொல்லக்கூடும். அறிவுக்கு வித்து என்று அழகாகக்கூட இருக்கும். ஆனால் வித்து, விதை, விதைத்தல் என்பவை வேறு குடும்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று எல்லிஸ் துரை 1816இல் சென்னையிலிருந்து எழுதினார். கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவினார். தனிக்குடும்பம் என்று பெருமைப்படுவதும், எல்லா மொழியும் நம் மொழியிலிருந்து வந்தது என்று சொல்லுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நான் முதல் கட்சி.

உறவு இல்லாமலே ஒற்றுமை இருக்கிறது, அதுதான் ஆச்சரியம். ‘எனக்குத் தெரியும்’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம். ‘தெரியும்’ என்றால் என்ன? ‘வாசல்ல நின்னா கோபுரம் தெரியும்’ என்கிறோமே, அதே தெரியும்தான். கண்ணுக்குப் புலப்படும் என்பதுதான் அடிப்படை. ‘எனக்குத் தெரியும்’ என்பதை அச்சடித்தாற்போல் சொன்னால் ‘என் கண்ணுக்குப் படும்’. ‘யார் கண்டா?’ என்று கையை விரிக்கிறோம். யார் பார்த்தார்கள் என்று கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. யாருக்குத் தெரியும் என்பதே பொருள். ‘நீ என்னத்தைக் கண்டே!’ என்று சின்னவர்களை அதட்டுவதும் இப்படித்தான். அந்தக் ‘கண்டா’, ‘கண்டே’ வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம். சொல்லில் சொந்தமில்லை, நினைப்பில் ஒற்றுமை. ‘நீச்சல் தெரியும்’ என்றால் நீந்த முடியும் என்றுதானே அர்த்தம்? ஆங்கிலத்தின் ‘கேன்’ என்பதும் ஆதியில் ‘தெரியும்’ என்ற பொருளில் இருந்து பின்னால் ‘முடியும்’ ஆனதுதான்.

சரி, இத்தனை பெரிய வம்சத்துச் சொல் எப்படி மறைந்தது?

பழைய ஆங்கிலத்தில் அறிதலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. ஒரு செய்தியை அறிவது ‘விட்’. ஓர் ஆளை, ஓர் இடத்தை அடையாளம் கண்டுகொள்வது இன்னொன்று. அந்த இன்னொன்றுதான் இன்றைய ‘நோ’. (எழுதும்போது முன்னால் ஊமையாக ஒரு ‘கே’ நிற்குமே, அந்த ‘நோ’. ஞானம் என்ற வடசொல்லுக்கு அது உறவு.) ஜெர்மன்காரர்கள் இந்த வேற்றுமையை இன்றும் விடவில்லை. பிரெஞ்சிலும் இரண்டு சொல் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கே இது பழக்கம். செய்தி தெரியும் என்றால் பெங்காலியில் ‘ஜானி’. ஆளைத் தெரியும் என்றால் ‘சினி’. மாற்றிச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். ஆங்கிலத்தில் என்ன நடந்தது என்றால், ‘சினி’யின் வேலை பார்த்த சொல் மெல்ல மெல்ல ‘ஜானி’யின் வேலையையும் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொள்ள வசதியும் இருந்தது. ‘நோ’ ஒழுங்காக ‘ஸ்’ ஏற்கும், ஒழுங்காக வளையும். ‘விட்’, ‘வொட்’, ‘விஸ்ட்’ என்று மூன்று முகம் காட்டும் சொல்லைக் குழந்தைகள் கற்பது சிரமம். 1400இல் இறந்த சாசருக்கு இந்த வடிவங்கள் எல்லாம் சர்வசாதாரணம். இருநூறு வருஷம் கழித்து ஷேக்ஸ்பியர் ‘காட் வொட்’, கடவுளுக்கே தெரியும், என்பது போன்ற இடங்களில் வைக்கிறார். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் பெரும்பாலும் ‘நோ’தான், பழையது அங்கங்கே. ஆதியாகமத்தில் ‘வொட்’ என்பதோடு ‘அவன்’ என்பதற்குரிய விகுதியை ஒட்டவைத்து ‘வொட்டெத்’ என்று ஓரிடத்தில் வருகிறது. விகுதி ஏற்காத சொல்லுக்கு விகுதி போட்டுவிட்டார்கள். சொல்லின் இலக்கணம் பேசுகிறவர்களின் காதில் இருந்து நழுவ ஆரம்பித்துவிட்டதற்கு அது அடையாளம்.

பைபிளில் இன்னோர் இடம், லூக்கா இரண்டாம் அதிகாரம். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் பெற்றோர் தேடிவந்து கோயிலில் கண்டுபிடிக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதா என்று பிள்ளை கேட்கிறது. 1611இல் அங்கே ‘விஸ்ட்’. 1881இல் இங்கிலாந்தில் புதிய ஏற்பாட்டைத் திருத்தியவர்கள் அந்த இடத்தில் ‘விஸ்ட்’ என்பதை விட்டுவைத்தார்கள். அமெரிக்கர்கள் இது யாருக்குப் புரியும் என்று 1901இல் தங்கள் பதிப்பில் ‘நோ’வின் இறந்தகால வடிவத்தைப் போட்டார்கள். இதே வாக்கியம் நம் பழைய தமிழ் பைபிளில் ‘அறியீர்களா’ என்று முடியும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தெரியாதா’ என்று முடியும். இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே வருகிறேன்.

பேச்சில் செத்த சொல்லுக்குக் கவிஞர்கள் உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் ‘நிச்சயமாக’ என்ற பொருளில் ‘இவிஸ்’ என்று ஓர் இடைச்சொல் இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றால் நான். எனவே ‘இவிஸ்’ என்பதை இரண்டாகப் பிரித்து ‘ஐ விஸ்’, நான் அறிவேன், என்று புரிந்துகொண்டு பலரும் எழுதினார்கள். அப்படி ஒரு வினை இருந்ததே இல்லை. 1842இல் மெக்காலே வெளியிட்ட பண்டைய ரோமாபுரிக் கதைப்பாடல்களிலும் இந்த ‘ஐ விஸ்’ இருக்கிறது. ஆமாம், நமக்கெல்லாம் ஆங்கிலப் படிப்பைக் கொண்டுவந்த அதே மெக்காலேதான். அந்தப் பாடல்களுக்கான எண்ணம் நீலகிரி மலையடிவாரக் காட்டில் தோன்றியது, பெரும்பகுதியை ஊட்டியில் தங்கியிருந்தபோதும் வங்கக் கடலில் கப்பலில் போகும்போதும் கட்டினேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1834 கோடையில் அவர் ஊட்டியில் இருந்தார். அங்கிருந்து கல்கத்தா வந்து, 1835 பிப்ரவரி 2ஆம் தேதி, இந்தியருக்கு ஆங்கிலமே கல்வி என்ற அந்தப் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். ஜோன்ஸ் பேசிய அதே பிப்ரவரி 2, நாற்பத்தொன்பது வருஷம் கழித்து! ஆங்கிலத்தின் பெருமையை அவ்வளவு அடித்துச் சொன்னவருக்கு, அந்த மொழியின் பழைய வினை ஒன்று காலை வாரிவிட்டிருக்கிறது. 1893இல் டி. ஈ. பிரவுன் என்ற கவிஞர் தோட்டம் பற்றிய ஒரு சின்னக் கவிதையில் ‘காட் வொட்’ என்று போட, அதைக் கேலி செய்தே ‘காட்வொட்டரி’ என்று ஒரு சொல் பிறந்தது. பழம்பாணியில் செயற்கையாக எழுதுவது என்று பொருள்.

முழுக்கச் சாகவில்லை. பெயராக ‘விட்’ வாழ்கிறது. அறிவு என்று தொடங்கி, கூர்மை ஆகி, கடைசியில் சிரிக்க வைக்கும் பேச்சு ஆகிவிட்டது. 1340இல் கான்டர்பரி துறவி ஒருவர் தம் கையாலேயே எழுதிய பிரதி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மனச்சாட்சிக்கு அவர் போட்ட சொல் ‘இன்விட்’, உள்ளறிவு. அந்த அழகான சொல்லும் போயிற்று. ‘டு விட்’ வாழ்வது வக்கீல்கள் தயவில். அதுவும் பிரெஞ்சு மொழியில் கோர்ட் நடந்த காலத்துத் தொடரை அப்படியே பெயர்த்து வைத்தது. இன்னொன்று ‘அன்விட்டிங்லி’, அறியாமல். அறிந்து செய்தான் என்று சொல்ல ‘விட்டிங்லி’ கோர்ட்டோடு சரி. அறியாமல் செய்தான் என்பது மட்டும் எல்லார் வாயிலும் வருகிறது. எதிர்மறை பிழைத்துக்கொண்டது.

நம் ‘அறி’ என்ற வினையை இப்போது பாருங்கள். ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் இடத்தில் ‘நான் அறிவேன்’ என்று வீட்டில் யாராவது சொல்கிறோமா? சொன்னால் நாடகம் என்று சிரிப்பார்கள். பெயராக வாழ்கிறது: அறிவு, அறிக்கை, அறிமுகம், அறிவிப்பு. மேடையில் வாழ்கிறது. பேச்சில்? ‘அறியாத வயசு’, ‘அறியாம செஞ்சுட்டான்’. எதிர்மறை இங்கேயும் பிழைத்துக்கொண்டது. தப்பிப்போய் ‘அறிஞ்சவங்க தெரிஞ்சவங்க’ என்று ஒரு ஜோடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே சமயம் மலையாளிகள் காலையில் எழுந்தது முதல் ‘அறியாம்’, ‘அறிஞ்ஞூடா’ என்றுதான் பேசுகிறார்கள். ‘விட்’ இங்கிலாந்தில் போய், ஜெர்மனியில் ‘விஸ்ஸன்’ ஆகத் திடமாக இருப்பதைப் போல.

எழுத்தில் நம் குடும்பங்கள் ‘அறி’யைக் கடைசியாகத் தினம் பயன்படுத்திய இடம் இன்லண்ட் லெட்டர். ஊரிலிருந்து வரும், ஊருக்குப் போகும். அம்மா படிக்காதவளாக இருந்தாலும், எழுதிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பையன் முதல் வரியை அவளைக் கேட்காமலே போட்டுவிடுவான்: நலம், நலமறிய ஆவல். ‘தெரிஞ்சுக்க ஆசை’ என்று யாரும் எழுதியதில்லை. டெலிபோனில் இப்போது அந்த வரி இல்லை. “எப்படி இருக்கீங்க, சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறோம். என் மனைவி பழைய கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப்பதினேழு. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் அந்த ‘அறிய’ இருக்கிறது.